அடையாளம் அரசியலுக்கு மாற்றாகாது

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் எழும் முதல் கேள்வி, வேட்பாளர் எந்தச் சமூகம், எந்தச் சபை என்பதே. தோள்சீலைப் போராட்டம் நடத்தி 1859இல் உரிமை வென்ற நாடார் மக்கள், சட்டமன்றத்தில் தம்மவர் குரலைக் கேட்க விரும்புவது நியாயமானது. ஆனால் வேட்பாளர் தேர்வு அதோடு முடிந்துவிடுமா?

2012 ஜூன் இடைத்தேர்தல் தரும் பாடம் வேறு. முந்தைய ஆண்டு மார்க்சிஸ்ட் கட்சிச் சின்னத்தில் நெய்யாற்றின்கரையில் வென்ற ஆர். செல்வராஜ், பதவி விலகிக் காங்கிரஸ் வேட்பாளரானார். இடது ஜனநாயக முன்னணி எஃப். லாரன்ஸை நிறுத்தியது. இருவருமே நாடார் சமூகத்தவர். எனவே சமூகக் கணக்கு ஒன்றையொன்று ஈடுகட்டியது. கட்சித் தாவலும், மே 4 அன்று ஒஞ்சியம் அருகே நிகழ்ந்த டி.பி. சந்திரசேகரன் படுகொலையும் பிரச்சாரத்தின் மையமாயின. செல்வராஜ் 6,334 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2011இல் ஏழாயிரத்தை எட்டாத பாஜக, ஓ. ராஜகோபாலை நிறுத்தி முப்பதாயிரத்தைக் கடந்தது. சமூகக் கணக்கே தேர்தலின் மொழியானால், பெரும்பான்மை மதவாதமும் அதே மொழியில் வாக்குக் கேட்கும்.

2016இல் அதே செல்வராஜை மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ஆன்சலன் தோற்கடித்தார். களமும் சமூகங்களும் மாறவில்லை. அரசியல் சூழலே மாறியிருந்தது.

வேட்பாளரின் சமூகம், மக்கள் அவரது பேச்சைக் கேட்கக் கதவைத் திறக்கலாம். உள்ளே சென்று அவர் பேச வேண்டியது கூலியை, நிலத்தை, வேலையை, எல்லைத் தமிழரின் மொழியுரிமையை. அதற்கான பணி வேட்புமனுத் தாக்கலன்று தொடங்குவதல்ல. தேர்தல் இல்லாத ஆண்டுகளில் கிளைகள் ஆற்ற வேண்டிய கடமை.