மெனு பட்டனை அழுத்திப் பார்த்தீங்களா?

"மிஸ், இலை ஏன் கறுப்பா இருக்கு?"

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டியில் டியூஷன் எடுக்கும் என் அக்காவிடம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது இது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய புரொஜெக்டர். வெள்ளையாகத் தெரிய வேண்டிய பக்கம் ரோஸ் கலரில் இருக்கிறது, பச்சை இலை கரிக்கட்டை மாதிரி. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் தந்தது. அந்த சேலத்தில் பச்சையைக் காணோம்!

"உள்ளே போர்டு போச்சாம் தம்பி, 9,000 ரூபா கேக்கறாங்க" என்றார் அக்கா. பாதிப் பிள்ளைகளிடம் ஃபீஸே வாங்காதவர். பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்தச் சொன்னேன். மெனுவில் எழுத்துகள் பளிச்சென்று வெள்ளையாக வந்தன. அந்த மெனுவைப் புரொஜெக்டர் தானே வரைகிறது. லேப்டாப்புக்கும் கேபிளுக்கும் அதில் வேலை இல்லை. மெனு சரியாக இருந்து படம் மட்டும் நிறம் மாறினால், கோளாறு பெரும்பாலும் கேபிளில்தான். மெனுவும் சேர்ந்து நிறம் மாறினால்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

பழைய புரொஜெக்டர்களில் இருப்பது நீல முனை கொண்ட விஜிஏ கேபிள். மூன்று வரிசையில் 15 ஊசிகள். முதல் ஊசி சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். பச்சை அறுந்தால் வெள்ளை ரோஸாகும், நீலம் போனால் மஞ்சளாகும், சிவப்பு போனால் நீலப்பச்சையாகும். அக்காவின் கேபிளில் இரண்டாவது ஊசி மடங்கிப் படுத்திருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய இடுக்கியால் நிமிர்த்தினோம். (ஒன்பதாவது ஊசி பல கேபிள்களில் கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்காது. அதைத் தேடி மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

மெனுவும் சேர்ந்து கெட்டிருந்தால்? எல்சிடி வகையில் மஞ்சள் திட்டுகள் தெரிந்தால், உள்ளே இருக்கும் போலரைசர் என்ற மெல்லிய தகடு சூட்டில் கருகியிருக்கலாம். காற்று ஃபில்டரில் தூசி அடைத்தால் சூடு ஏறத்தான் செய்யும். சாலையோர வீடென்றால் மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

டிஎல்பி வகையில், வானத்து நட்சத்திரம் போல வெள்ளைப் புள்ளிகள் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். அதன் சிப்பில் லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள் அசைந்துகொண்டே இருக்கின்றன. அசைய மறுத்துச் சிக்கிக்கொண்டவைதான் அந்தப் புள்ளிகள். நாளாக நாளாகப் பெருகும். துடைத்தால் போகாது, சிப்பையே மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு பழைய புரொஜெக்டர் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

படம் மங்கினாலோ மினுக்கினாலோ லேம்ப் மீதுதான் முதல் சந்தேகம். மெனுவிலேயே லேம்ப் ஓடிய மணிக்கணக்கு இருக்கும். புது லேம்ப்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. உள்ளே பாதரசம் இருப்பதால், உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

மறுநாள் இலை பச்சையாக வந்தது. 'செக்கிங் சார்ஜ்' என்று கடையில் வாங்கிய 300 ரூபாய் மட்டும் வரவில்லை.