முதலில் ஜாமா, க்ரீமா?



இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன், கார்ன்வால் என்று அடுத்தடுத்து இரண்டு மாவட்டங்கள். நடுவே டேமர் ஆறு. மாலைத் தேநீரோடு இரண்டு கரையிலும் வைப்பது ஒரே பலகாரம்தான்: மைதா, வெண்ணெய், பால் சேர்த்துச் சுட்ட ஸ்கோன், ஸ்ட்ராபெர்ரி ஜாம், க்ளாட்டட் க்ரீம். ஸ்கோனை இரண்டாகப் பிளந்த பிறகுதான் வழக்கம் பிரிகிறது. டெவனில் முதலில் க்ரீமைப் பூசி, அதன்மேல் ஜாம் வைப்பார்கள். கார்ன்வாலில் ஜாம்தான் முதலில்.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த க்ரீம் உருவாகும் விதத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். கொழுப்பு மிகுந்த பாலேட்டை அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றி, கொதிக்கவிடாமல் நெடுநேரம் சூட்டில் வைக்கிறார்கள். பிறகு மெல்ல ஆறவிடுகிறார்கள். நம் வீட்டுப் பாலில் ஆடை படிவது போலத்தான். ஆனால் இது கெட்டியாகத் திரண்டு, மேலே பொன்னிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும். கரண்டியில் அள்ளினால் சரியாமல் நிற்கும். கார்னிஷ் க்ளாட்டட் க்ரீம் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கார்ன்வால் பாலில் செய்திருக்க வேண்டும். குறைந்தது 55 சதவீதம் கொழுப்பும் இருக்க வேண்டும். 1998 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

இவ்வளவு கெட்டியான க்ரீமை வெண்ணெய்க்குப் பதிலாகவே தடவலாம் என்பது டெவன் கட்சி. சூடான ஸ்கோனில் நேராகப் பட்டால் க்ரீம் உருகிவிடும், நடுவில் ஜாம் இருக்கட்டும் என்பது கார்ன்வால் கட்சி. எனக்குக் கார்ன்வால் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. அங்கே ஸ்கோனுக்குப் பதிலாக, ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த மெத்தென்ற சின்ன பன்னும் உண்டு. அதில் க்ரீமோடு கரும்புப் பாகு சேர்த்தால் ‘இடியும் மின்னலும்’ என்பார்கள்!

2018-இல் கார்ன்வாலிலேயே உள்ள லான்ஹைட்ராக் மாளிகையின் விளம்பரப் படத்தில் க்ரீமுக்கு மேலே ஜாம் இருந்தது. ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், மாளிகை மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. கோபப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1859-இல் டேமர் மீது பொறியாளர் புரூனலின் ரயில் பாலம் திறந்த பிறகு, வெளியூர்ப் பயணிகள் வந்திறங்கும் கரையாகிவிட்டது கார்ன்வால். வருகிறவர்கள் எப்படிச் சாப்பிட்டால் என்ன என்று காசை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கலாம். ஊர்க்காரர்கள் அப்படி இருக்கவில்லை. ஊர்ப் பழக்கம் என்று ஒன்று மிஞ்சுவது இந்தப் பிடிவாதத்தால்தான்.

அந்தப் பக்கம் போக வாய்த்தால், எந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறீர்களோ அந்தக் கரை வழக்கப்படியே சாப்பிடுங்கள். இந்த இதழின் சமையல் பகுதியில் ஸ்கோன் செய்முறை வந்திருக்கிறது. செய்து பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் எது முதலில் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்