மந்தைவெளியில் வெளி எங்கே?

சென்னையில் உட்கார்ந்துகொண்டு டிஸ்க் கோல்ஃபுக்கான ஒரு மிட்ரேஞ்ச் டிஸ்க்கை வாங்குவது சுலபம். ஆர்டர் போட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால் வீட்டுக்கே வந்துவிடும். அதை எறிந்து பார்ப்பதுதான் கஷ்டம். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு மூன்றிலும் சுற்றி, யாரிடமும் அனுமதி கேட்காமல், காசு கட்டாமல், எவர் மண்டையையும் உடைக்காமல் அறுபது மீட்டர் எறிவதற்கு ஓர் இடம் தேடினேன். எழுத நினைத்தது அந்த டிஸ்க்கைப் பற்றித்தான். எழுத வேண்டியது அந்த அறுபது மீட்டரைப் பற்றி என்று இப்போது தோன்றுகிறது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கோல்ஃபின் அதே கணக்குதான். பந்துக்குப் பதில் டிஸ்க், குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த எறிகளில் கூடைக்குள் போடுபவர் ஜெயித்தார். தூரத்துக்கு டிரைவர், கூடைக்கு அருகில் பட்டர் (மயிலாப்பூரில் இந்த வார்த்தையைக் கவனமாகப் பயன்படுத்தவும்), இரண்டுக்கும் நடுவில் மிட்ரேஞ்ச். நான் வாங்கியது டிஸ்கிராஃப்ட் கம்பெனியின் 'பஸ்ஸ்'. எறிபவர்கள் பலரின் பையிலும் இருக்கும் சாதாரண சாமான்தான். அதன் குணத்தை நான்கு எண்களில் சொல்லிவிடுவார்கள்: வேகம் 5, மிதப்பு 4, திருப்பம் −1, சாய்வு 1. அதாவது வலது கைக்காரர் கையை உள்ளிருந்து வெளியே வீசி எறிந்தால், வேகமாகப் போகும்போது லேசாக வலப்பக்கம் ஒதுங்கும், வேகம் குறைந்ததும் லேசாக இடப்பக்கம் வந்து இறங்கும். மற்றபடி நேர்கோடு.

மிட்ரேஞ்சின் அருமை அதன் நேர்மை. டிரைவருக்கு நல்ல வேகம் வேண்டும். வேகம் இல்லாத கை எறிந்தால் அது எப்படியும் இடப்பக்கம் போய் விழும். தப்பு நம் மணிக்கட்டிலா, கோணத்திலா, டிஸ்க்கிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. மிட்ரேஞ்ச் நம் கை செய்ததை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் புதிய மிட்ரேஞ்சைச் சோதிக்கும் முறையும் எளிது. ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பத்து தடவை எறிய வேண்டும். கடைசிப் பத்து மீட்டரில் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கடைசிப் பத்து மீட்டருக்குத்தான் முன்னால் ஐம்பது மீட்டர் தேவைப்படுகிறது. முப்பது மீட்டரில் வலையில் மோதி நின்றுவிட்டால் ஒன்றும் தெரியாது. பாதியில் நிறுத்திய புரோகிராமின் அவுட்புட்டைப் படிப்பது போல.

சரி, எங்கே போவது? மயிலாப்பூர்க்காரர்களுக்கு லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சன் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில். நல்ல நிழல், நல்ல பூங்கா, காலையில் கால் வைக்க இடமிருக்காது. தி. நகரில் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா. அங்கும் இதே கதை. அடையாறில் தொல்காப்பியப் பூங்கா 58 ஏக்கர், ஆனால் அது அடையாற்றுக் கழிமுகத்தை மீட்டெடுக்க 2011-ல் திறக்கப்பட்ட இடம். அங்கே பறவை இருக்கட்டும், பிளாஸ்டிக் வட்டு பறக்க வேண்டாம். சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மைதானத்துக்குள் எத்தனை கிரிக்கெட் மேட்ச் என்று எண்ணியவர்கள் யாரும் இல்லை. ஒரு டீமின் லாங் ஆன் நிற்கும் இடத்தில் இன்னொரு டீமின் விக்கெட் கீப்பர் குனிந்து நிற்பார். மிச்சம் எலியட்ஸ் கடற்கரை. அங்கே இடம் உண்டு, கூடவே காற்றும் உண்டு. எதிர்காற்றில் நிதானமான டிஸ்க்கும் வலப்பக்கம் புரண்டுகொள்ளும். பழக நல்ல இடம், சோதிக்க இல்லை.

பூங்காக்களில் ஒன்றில், பெயர் வேண்டாம், டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்ததுமே விசில் கேட்டது. காவலாளி ஓடி வந்தார். "சார், இங்க அதெல்லாம் போடக் கூடாது சார்." இன்னும் போடலையே என்றேன். "எடுத்தாலே போடுவீங்கன்னு தெரியும் சார்." பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பெரியவர் நின்றார். "தம்பி, வயசானவங்க நடக்கிற இடம்ப்பா இது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

பெரியவர் சொன்னது சரி. 180 கிராம் வரை எடையுள்ள கெட்டியான பிளாஸ்டிக், தலை உயரத்தில் வரும்போது விளையாட்டுச் சாமான் இல்லை. கூட்டமான பூங்காவில் புது டிஸ்க்கை எறிவது, புரொடக்ஷன் சர்வரில் போய் டெஸ்ட் செய்கிற வேலை. அவருடைய பயத்தோடு எனக்குச் சண்டையே கிடையாது. என் சண்டை அவரையும் என்னையும் அந்த மூன்று, நான்கு ஏக்கருக்குள் எதிரெதிரே நிறுத்திவைத்திருக்கும் ஏற்பாட்டோடு. நடப்பவருக்கு ஓர் இடம், ஆடுபவருக்கு ஓர் இடம் என்று ஊர் ஒதுக்கியிருந்தால் நாங்கள் இருவரும் சந்தித்திருக்கவே மாட்டோம். ஊர் செய்தது வேறு. பூங்கா என்றாலே நடைபாதை என்று முடிவு கட்டிவிட்டது. சுற்றி ஒரு சிமென்ட் வட்டம், உள்ளே மிதிக்கக் கூடாத புல், மூலையில் துருப்பிடிக்கும் உடற்பயிற்சிக் கருவி, குழந்தைகளுக்குச் சறுக்குமரம். ஏழு வயதுக்கு மேல், சர்க்கரை வியாதிக்குக் கீழ் உள்ள யாருக்கும் இந்தப் பூங்காவில் வேலை இல்லை.

மந்தைவெளி என்ற பெயரை யோசித்துப் பாருங்கள். மந்தை கூடுகிற வெளி. கிராமத்தில் மந்தை என்றால் மாடு நிற்கும் இடம் மட்டும் இல்லை. பையன்கள் ஆடும் இடம், பஞ்சாயத்து கூடும் இடம், கூத்து நடக்கும் இடம் எல்லாம் அதுதான். யாருக்கும் எழுதி வைக்காத நிலம் என்பதால் எல்லோருக்கும் அது உதவியது. இன்று மந்தைவெளியில் மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. பஸ் டெர்மினஸ்தான் வந்தது. தி. நகர் 1920-களில் ஓர் ஏரியைத் தூர்த்துப் போட்ட பேட்டை. ஏரியைத் தூர்த்த பாவத்தோடு நடுவில் பனகல் அரசர் பெயரில் ஒரு பூங்காவையாவது விட்டார்கள். நூறு வருஷம் கழித்து நாம் விடுவது என்ன? பெரிய மனைப்பிரிவில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேல், 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டலாம் என்றும் அதே விதி சொல்கிறது. தென் சென்னையில் நிலம் விற்கும் விலைக்கு எவர் நிலம் தருவார்? காசுதான் வரும். காசின் மீது நின்று டிஸ்க் எறிய முடியாது.

இப்படி விட்ட இடத்தில்தான் டர்ஃப் முளைத்தது. மொட்டைமாடியில், கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், பார்க்கிங்குக்குப் பக்கத்தில். பச்சைப் பிளாஸ்டிக் புல், நாலு பக்கமும் வலை, மேலேயும் வலை. மணிக்கணக்கில் வாடகை. என் ஆபீஸ் நண்பர்கள் ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய் ஜிபே செய்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஆடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் போயிருக்கிறேன். ஆனால் ஆட்டத்தைக் கூண்டுக்குள் வாடகைக்கு விடும் ஊரில் பழக்கம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றமே தன்னுடைய 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டு, ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. வியாசர்பாடி போன்ற, கால்பந்தையே மூச்சாக வைத்திருக்கும் பகுதிப் பிள்ளைகளிடம் மணிக்கு 120 ரூபாய்! எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கிவிட்டார்கள். வாபஸ் வாங்கியது நல்லது. ஆனால் அந்த யோசனை ஒரு மன்றத்தில் தீர்மானமாகும் அளவுக்குச் சாதாரணமாகிவிட்டதே, கவலை அதுதான்.

"நிலமே இல்லைப்பா, ஊரே நெருக்கடி" என்பார்கள். நிலம் இருக்கிறது. தி. நகரிலிருந்து கல்லெறி தூரத்தில், நந்தனத்தில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது, கிளப் உறுப்பினர்களுக்கு. கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளேயே இன்னொன்று இருந்தது. நமக்கு வெளி இல்லாமல் போகவில்லை. வெளிக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு உறுப்பினர் அட்டை வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் டிஸ்க் கோல்ஃப் எனக்கு வெறும் பொழுதுபோக்காகத் தெரியாமல் போகிறது. இது கோல்ஃபைக் கிளப்பிலிருந்து பூங்காவுக்கு இறக்கிய விளையாட்டு. ஃபிரிஸ்பீயின் நவீன வடிவத்தை உருவாக்கிய எட் ஹெட்ரிக் 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் என்ற பொதுப் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். மரத்தை வெட்டவில்லை, ஏனென்றால் மரம்தான் ஆட்டத்தின் தடை. புல்லை ஷேவ் செய்யவில்லை, தண்ணீர் கொட்டவில்லை. வேண்டியது கூடைகளும், எறியத் தொடங்குவதற்குச் சமதரையும்தான். 2002-ல் ஹெட்ரிக் இறந்த பிறகு அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க் வார்த்தார்கள், அவர் ஆசைப்படியே. பொதுப் பூங்காவில் பறந்துகொண்டிருப்பதுதான் அவர் கேட்ட மோட்சம்.

உடனே ஒரு குரல் வரும்: "இறக்குமதி டிஸ்க் வாங்க வசதியுள்ள ஐடிக்காரன் தன் பொம்மைக்கு ஊரிடம் நிலம் கேட்கிறான்." நியாயமான கேள்வி. என் பதில், நான் டிஸ்க் கோல்ஃப் மைதானம் கேட்கவில்லை. அதைக் கட்டினால் அதற்கும் ஒரு வேலி, ஒரு டிக்கெட், ஒரு 'உறுப்பினர்கள் மட்டும்' பலகை வந்துவிடும். நான் கேட்பது எந்த விளையாட்டுக்கும் எழுதிவைக்காத வெட்டவெளி. அது என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி எலியட்ஸ் கடற்கரையில் இருக்கிறது. அங்கே மணலில் வருஷக்கணக்காக அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடுகிறார்கள். 175 கிராம் டிஸ்க், நடுவர் கிடையாது, ஃபவுலை ஆடுபவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்களும் பெண்களும் ஒரே அணியில். கடலோரக் குப்பத்துப் பிள்ளைகளும் கம்பெனி ஆட்களும் ஒரே அணியில். இதை எந்தத் துறையும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. மணலுக்கு வேலி இல்லை, விசில் இல்லை, வாடகை இல்லை. அதனால் ஊருக்குத் தெரியாத ஓர் ஆட்டம் ஊருக்குள் வர முடிந்தது. கடற்கரைக்கு டர்ஃப் மாதிரி முன்பதிவு இருந்திருந்தால், ஆட்டத்தின் பெயரைக் கேட்கும் கட்டத்திலேயே விண்ணப்பம் தள்ளுபடியாகியிருக்கும்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் போன ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானங்களில் வளர்ந்த பெண்கள் யாரும் ஆடிப் பார்க்கவில்லை. ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். இருக்கும் குறைந்த இடத்தைச் சத்தம் அதிகமுள்ளவர்கள் எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் ஓரமாக நடப்பார்கள். இடப்பற்றாக்குறை எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, பூங்காக்களில் நேரம் பிரியுங்கள். காலை எட்டரை வரை நடப்பவர்களுக்கு, மாலையில் ஒரு பகுதி ஆடுபவர்களுக்கு. 'விளையாடக் கூடாது' பலகையை விட 'எப்போது விளையாடலாம்' பலகை எழுதுவது ஒன்றும் பெரிய செலவில்லை. இரண்டு, மாநகராட்சிப் பள்ளி மைதானங்களைச் சனி, ஞாயிறு அந்தந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் குத்தகையை ரத்து செய்து, சுமார் 160 ஏக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதில் 118 ஏக்கரில் பூங்கா வரும் என்று பிறகு அறிவித்தது. வழக்குகள் ஒருபுறம் இருக்கட்டும். வெள்ளத்துக்காக அங்கே குளம் வெட்டுவதும் அவசியம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அறிவிப்புகளில் வரும் பூங்கா எப்படி இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். கண்ணாடி மாளிகை, செயற்கை அருவி, செல்ஃபி எடுக்கப் பூ வளைவு, நுழைவுச்சீட்டு, கேமராவுக்குத் தனிச்சீட்டு. பார்த்துவிட்டு வெளியேற வேண்டிய பூங்கா. ஊர் திரும்பப் பெற்ற நிலத்தில் ஊர்க்காரன் மறுபடியும் பார்வையாளன்.

அந்த வரைபடத்தை வரைகிறவர்களிடம் கேட்கிறேன். அருவியும் கட்டுங்கள், மாளிகையும் கட்டுங்கள். பத்து ஏக்கரை மட்டும் எதுவும் எழுதாமல் விடுங்கள். ஏற்கெனவே நிற்கும் மரங்கள் நிற்கட்டும், தரையைக் கொஞ்சம் சமன் செய்துவிட்டு, குடிதண்ணீரும் கழிப்பறையும் வைத்து, கதவைத் திறந்து வையுங்கள். அங்கே யார் என்ன ஆடுவார்கள் என்று ஃபைலில் ஒரு கேள்வி வரும். தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.