தேயிலைத் தூரில் தேங்காய்

எசல பெரஹெரா நெருங்குகிறது. வீதியோர ஆசனங்களுக்குக் கேட்கிற காசைப் பற்றி இந்த வாரம் காரசாரமாக எழுதுவதாகப் போன வாரமே சொல்லியிருந்தேன். விலை விசாரிக்கத்தான் கண்டி வாவிக்கரைக்குப் போனேன். அங்கே ஒரு வழிகாட்டி என் கோபத்தை முழுசாகக் கெடுத்துவிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அவர் வாவி நடுவிலுள்ள தீவைக் குடையால் காட்டிக்கொண்டிருந்தார். தீவிலிருந்து அரண்மனைக்குச் சுரங்கப்பாதை இருந்தது என்பது ஊரறிந்த கதை. இவருடைய சுரங்கம் அரண்மனையோடு நிற்கவில்லை. ஹங்குரன்கெத்தை வரைக்கும் போனது. அரசர் யானை மேலேறியே போய்வருவாராம். “தண்ணி உள்ளுக்கு வராதா?” என்று கேட்டான் ஒரு பொடியன். மனிதர் அசரவில்லை. “அந்தக் காலத்துத் தண்ணி அப்பிடி வராது மகன்.”

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்து இந்த வாவியை உண்டாக்கியதும், பிற்பாடு வெள்ளைக்காரர்கள் தீவை வெடிமருந்துக் கிடங்காக்கியதும் வரலாறு. ஆனால் அந்தப் பதிலுக்கு முன்னால் வரலாறு எம்மாத்திரம்? ஆசன விலையைக் கேட்க மறந்தே வீடு திரும்பினேன்.

இப்படிப்பட்ட கதைகளோடு எனக்குப் பகையில்லை. கடுகண்ணாவைக் கல்லோடுதான் பகை. தொடர்ந்து வாசிப்பவர்கள் “மறுபடியுமா?” என்பீர்கள். ஆம், மறுபடியும்தான். மலையைத் துளைத்து வருகிறவனுக்கே கண்டி அடங்கும் என்று பண்டைக்காலத்தில் ஒரு தீர்க்கதரிசனம் இருந்ததாம். அதைத் தெரிந்துகொண்ட வெள்ளைக்காரன் கடுகண்ணாவையில் கல்லைக் குடைந்தானாம், நாடு அவன் கைக்குப் போனதாம். கொழும்பு வீதியில் அந்த இடத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் யாராவது இதைச் சொல்லாமல் இருப்பதில்லை.

ஆண்டுகளைப் பாருங்கள். அரசன் பிடிபட்டது 1815 பெப்ரவரி 18. பிரதானிகள் நாட்டை எழுதிக்கொடுத்தது அதே ஆண்டு மார்ச் 2. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் அந்த வீதியைப் போட்டது 1820களில். தாலி கட்டிப் பிள்ளையும் பெற்ற பிறகு ஜாதகம் பார்த்த கதை இது. ஆனால் வசதியான கதை. கல்லில் ஓட்டை விழுந்ததால்தான் ராச்சியம் போனது என்றால், பிரதானி எஹெலபொலையின் வன்மத்தையும் இன்னொரு பிரதானி மொல்லிகொடையின் கணக்கையும் வெள்ளைக்கார அதிகாரி ஜோன் டொயிலியின் ஒற்றர்களையும் யாரும் கிளற வேண்டியதில்லை. எல்லாம் விதி.

இதை எழுதும்போதுதான் நம் வீட்டுக்குள்ளேயே ஒரு கடுகண்ணாவைக் கல் கிடப்பது உறைக்கிறது. மலையகத்தில் எந்த மேடையிலும் அது உண்டு. “தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்னான்; நம் பாட்டன்மார் நம்பிக் கப்பலேறினார்கள்.” கூட்டம் சிரிக்கும், பிறகு பெருமூச்சு விடும், பேச்சாளர் தண்ணீர் குடிப்பார்.

இங்கேயும் ஆண்டைப் பாருங்கள். நம்மவர்கள் வரத் தொடங்கியது 1820களில், கோப்பித் தோட்டங்களுக்கு. 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அந்தக் கணக்குத்தான். ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். முதலில் வந்தவர்கள் தேங்காய் தேடுவதற்கு இங்கே தேயிலைத் தூரே இல்லை.

தேயிலைக் காலத்தில் வந்தவர்களிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்களா? வந்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் குடியானவர்கள். எது எந்தத் தூரில் விளையும் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள். மாசி கடல்மீன் என்பது இராமநாதபுரத்தானுக்கா தெரியாது? இது ஏமாந்தவனின் வாக்குமூலமாக எனக்குப் படவில்லை. மழையில் முள்ளுக் குத்திக் குத்திக் கல்லும் அட்டையும் மட்டுமே கண்டவன், இடுப்பை நிமிர்த்திக்கொண்டு பக்கத்து நிரைக்காரனிடம் “எங்கடா தேங்காய்?” என்று கேட்ட நக்கலாகத்தான் படுகிறது. அந்த நக்கலைப் பேரப்பிள்ளைகள் நாம் வரலாறாக்கிவிட்டோம்.

அதனால் யாருக்கு இலாபம் என்று யோசியுங்கள். பாட்டன் ஏமாளி, கங்காணி புளுகன், கதை முடிந்தது. 1876இல் தொடங்கி ஊர் ஊராகக் காவுகொண்ட தாது வருஷப் பஞ்சம் அதில் இல்லை. வாழ வழியில்லாமல் வைத்த சாதி இல்லை. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து, அதையே கடனாக ஏற்றி, தோட்டம் விட்டுத் தோட்டம் போனால் கடனும் கூடவே போகும்படி எழுதிய ‘துண்டு’ இல்லை. அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டுத்தான் ஒழிக்க வேண்டியிருந்தது. துரைமார் யாரும் கதைக்குள் வருவதே இல்லை. கல்லில் ஓட்டை போட்டதைச் சொல்லிப் பிரதானிகள் தப்பியதுபோல, தேங்காயைக் காட்டி இவர்களும் தப்பிவிடுகிறார்கள்.

வாவிக்கரை வழிகாட்டியின் யானைச் சுரங்கம் நீண்டுகொண்டே போகட்டும். அதனால் எவருக்கும் கெடுதல் இல்லை. தேங்காய்க் கதையையும் பகிடியாகச் சொல்லுங்கள், நானும் சிரிக்கிறேன். வரலாறென்று சொல்லாதீர்கள். அடுத்த கூட்டத்தில் எவராவது மைக்கைப் பிடித்துத் தேங்காயில் தொடங்கினால், கையைத் தூக்கித் துண்டைப் பற்றிக் கேளுங்கள்.