மலைக்குப் போகும் நாய் திரும்பி வருகிறதா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் மும்பையில் வசதி உள்ளவர்கள் லோனாவாலா, மாதேரான், மகாபலேஸ்வரம் என்று மலை ஏறிவிடுகிறார்கள். முன்பு பெட்டி படுக்கை மட்டும் போகும். இப்போது நாயும் கூடப் போகிறது. ஆசையாக வளர்த்த பிராணியைப் பிரிய மனம் இல்லாமல் அழைத்துச் செல்வதில் தவறு இல்லை. ஆனால் வழியிலும் மலையிலும் அதன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார்? பெரும்பாலும் டிரைவர் அல்லது வீட்டு வேலைக்காரர். அவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆகவே இது பணக்காரர் வீட்டுச் சமாசாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

ரெயிலில் என்ன விதி?

வளர்ந்த நாயைத் தன்னுடனேயே பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டுமானால், முதல் வகுப்பில் இரண்டு படுக்கை உள்ள கூபே அல்லது நான்கு படுக்கை உள்ள கேபின் முழுவதையும் எடுக்க வேண்டும். ஏ.சி. இரண்டடுக்கு, மூன்றடுக்கு, சிலீப்பர், இரண்டாம் வகுப்பு எதிலும் அனுமதி இல்லை. மற்றவர்களின் நாய் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில்தான் போக வேண்டும். அதற்கு மருத்துவச் சான்றுடன் முன்கூட்டியே பார்சல் ஆபீசுக்கு வந்து, லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும். வழியில் தீனி, தண்ணீர் உடையவர் பொறுப்பு. பதிவு செய்யாமல் கொண்டுபோய் அகப்பட்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல் பல மடங்கு கட்ட வேண்டும்.

விதி சரி. அது எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்ற கோடையில் நான் வேலை பார்க்கும் நிலையத்தில் ஒரு திருநெல்வேலிக்காரர் பெரிய நாயுடன் வந்து நின்றார். ஒரு வீட்டில் டிரைவர். குடும்பத்தார் காரில் லோனாவாலா போய்விட்டார்கள். காரில் இடம் இல்லாததால் நாயை ரெயிலில் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். கையில் இரண்டாம் வகுப்பு டிக்கெட். சான்று இல்லை. வண்டி புறப்பட அரை மணி நேரம்கூட இல்லை. "அண்ணாச்சி, இப்படி ஏற்ற முடியாது" என்றேன். அவர் முதலாளிக்குப் போன் செய்தார். வந்த பதில்: "வயசான நாய்தானே, ஸ்டேஷன் பக்கம் விட்டுட்டு நீ வண்டி ஏறு."

"பதினோரு வருசமா இதுக்குச் சோறு வைக்கது நான்தான், தம்பி. எப்படி விட்டுட்டுப் போவேன்?" என்றார் அவர். அன்று அவர் ரெயில் ஏறவில்லை. மறுநாள் சான்று வாங்கி வந்து, கூண்டுக்குப் பதிவு செய்து கொண்டு போனார். அவருக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தார்களாம்.

ஐம்பது ரூபாய் அபராதம்

அவர் விடவில்லை. விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ரெயில் நிலையங்கள், பஸ் நிலையங்கள், ஆஸ்பத்திரிகள், கல்வி நிலையங்கள் ஆகியவற்றில் திரியும் நாய்களை அகற்ற வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நாட்டில் பெரிய விவாதம் நடந்தது. தெருவில் பிறந்த நாயைப் பற்றிப் பேசினோம். வீட்டிலிருந்து தெருவுக்குத் துரத்தப்பட்ட நாயைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை.

வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! தண்டனையை உயர்த்த 2022-ல் மத்திய அரசு நகல் மசோதா ஒன்றை வெளியிட்டது. நகல் வந்ததே தவிர, அது சட்டமாகவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாத தொகைக்கு யார் பயப்படுவார்கள்?

காட்டுக்கும் கேடு

மலையில் விடப்படும் நாயால் வரும் கஷ்டம் இன்னும் பெரிது. 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத் கீர் காட்டின் தல்கானியா சரகத்தில் 23 சிங்கங்கள் மாண்டன. அவற்றில் சிலவற்றுக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் இருந்தது சோதனையில் தெரிந்தது. நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படும் நோய் அது. நாய்க்கு ஊசி போட்டுத் தடுத்துவிடலாம். காட்டு மிருகத்துக்கு யார் ஊசி போடுவது?

நாய்க்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் சிறுத்தைகளுக்குச் சுற்றுப்புற நாய்களே முக்கியமான இரை. காட்டோரம் அவிழ்த்துவிட்ட நாய் சிறுத்தையை வீட்டு வாசல் வரை இழுத்து வரும். கார்கள் நுழைய முடியாத மாதேரானில் குதிரைதான் பலருக்குப் பிழைப்பு. நாய் பாய்ந்து குதிரை மிரண்டால், விழுகிறவர் பயணி. பிழைப்பை இழக்கிறவர் குதிரைக்காரர்.

செய்ய வேண்டியது

பார்சல் ஜன்னலில் நாய்க்கான விதியை மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். பெரிய செலவு இல்லை. கைவிடுபவருக்கு உறைக்கும்படி அபராதத்தை உயர்த்த வேண்டும். மலையில் தங்க வரும் நாய்க்கு ஊசிச் சான்று உண்டா என்று விடுதிக்காரர்கள் கேட்க வேண்டும்.

பிறர் நாயைக் கொண்டுபோகும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவச் சான்றும் பதிவு ரசீதும் கையில் இல்லாமல் புறப்படாதீர்கள். காட்டோரத்தில் சங்கிலியை அவிழ்க்காதீர்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் முற்றியபின் மருந்து இல்லை. முதலாளி கோபிப்பாரே என்று தள்ளிப்போட வேண்டாம்.

நாயை மலைக்குக் கொண்டுபோகிறவர் அதைத் திரும்பக் கொண்டுவரவும் கடமைப்பட்டவர். திருநெல்வேலி டிரைவருக்குத் தெரிந்த இந்த நியாயம், காரில் முன்னே போனவர்களுக்கும் தெரிய வேண்டும்.