கூலிச் செலவைக் குறைக்க கணினி உதவுமா?

“நாலரை ஏக்கரில் கத்திரி, தக்காளி, மிளகாய் சாகுபடி. ஒருநாள் ஆள் போதவில்லை. மறுநாள் வந்த ஆளுக்கு வேலை இல்லை. எக்ஸெல்லில் கணக்குப் போட்டால் கூலிச் செலவைக் குறைக்கலாம் என்கிறார், கல்லூரியில் படிக்கும் மகன். உண்மையா?”
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

உண்மைதான். ஆனால், கணினியைத் திறப்பதற்கு முன் நோட்டில் எழுத வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

எந்த நாளில் எத்தனை ஆள் தேவை என்று எழுதுங்கள். உதாரணமாக, பறிப்பு நாள்களான செவ்வாய், வெள்ளியில் தலா 9 பேர், வியாழன் 6 பேர், திங்கள், புதன், சனியில் தலா 4 பேர். ஆக, வாரத்துக்கு 36 ஆள். ஆறு நாளும் வேலை உறுதி என்றால் உள்ளூர் ஆளுக்கு நாள் கூலி 400 ரூபாய். அன்றன்று வெளியூரிலிருந்து வண்டி வைத்து அழைத்தால் தலைக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

36 ஆளையும் வெளியூரிலிருந்தே அழைத்தால் 21,600 ரூபாய். 9 பேரை வாரம் முழுவதும் வைத்துக்கொண்டாலும் அதே 21,600 ரூபாய்தான். 4 பேரை வார ஆளாக வைத்து, மீதி 12 ஆளை வெளியிலிருந்து அழைத்தால் 16,800 ரூபாய். ஐந்தாவது ஆளைச் சேர்த்தால் 17,400 ஆகிவிடும். காரணம், வார ஆளுக்குக் கொடுக்கும் 2,400 ரூபாய், வெளியாளின் 4 நாள் கூலிக்குச் சமம். 4 நாளுக்கு மேல் வேலை இருந்தால்தான் வார ஆள் லாபம்.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. பறிப்பைத் தள்ளிப்போட முடியாது. ஆனால், களையெடுப்பு, மண் அணைப்பு, தக்காளிக்குக் குச்சி கட்டுவது போன்றவற்றை ஓரிரு நாள் முன்பின்னாகச் செய்யலாம். ஆள் வந்த நாளிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று பறிப்பு நாளில் களையையும் சேர்ப்பது பலருடைய வழக்கம். அந்த 9 பேரில் 6 பேர் பறிப்புக்கு, 3 பேர் களைக்கு என்றால், இரண்டு நாளின் களை வேலையையும் சேர்த்துத் திங்கள், புதன், சனிக்கு இரண்டிரண்டு ஆளாகப் பிரித்துவிடுங்கள். எல்லா நாளும் 6 பேர்தான் தேவைப்படும். செலவு 14,400 ரூபாய். வாரத்துக்கு 2,400 ரூபாய் மிச்சம். நான்கு பேருக்குப் பதில் ஆறு பேருக்கு வாரம் முழுவதும் வேலையும் கிடைக்கிறது.

பயிர்களும் வேலைகளும் கூடும்போது இதை மனக்கணக்கில் போட முடியாது. அங்கேதான் ‘சால்வர்’ உதவும். கணினியில் உள்ள எக்ஸெல்லில் ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் வழியாக இதைச் சேர்த்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்க்கில் டூல்ஸ் பகுதியிலேயே இருக்கிறது. அதற்கு மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, எந்தக் கட்டத்தில் உள்ள தொகை குறைய வேண்டும்? மொத்தக் கூலி. இரண்டு, எவற்றை மாற்றலாம்? வார ஆள், வெளியாள், நாள்வாரியான களை ஆள் எண்ணிக்கைகள். மூன்று, நிபந்தனைகள். தினசரி ஆள் தேவையைவிடக் குறையக் கூடாது. வாரக் களை வேலை முழுவதும் முடிய வேண்டும். எண்கள் முழு எண்ணாக இருக்க வேண்டும். கடைசியைச் சொல்லாவிட்டால் ‘நாலே முக்கால் ஆள்’ என்றுகூட விடை வரும்.

மழையும் கோயில் திருவிழாவும் சால்வருக்குத் தெரியாது. அதனால், வாராவாரம் கணக்கைத் திருத்துங்கள். மழை நாளுக்கென்று தரம் பிரித்தல் போன்ற கொட்டகை வேலையை ஒதுக்கி வையுங்கள். கூலியை அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. வரச்சொன்ன ஆளை வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினால், அடுத்த பறிப்புக்கு அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார். அந்த நஷ்டம் எந்தக் கட்டத்திலும் வராது.

முதலில் நான்கு வாரங்களுக்கு, யார், எந்த நாளில், என்ன வேலை செய்தார்கள் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் மகன் ஒரே மாலையில் கணக்கைப் போட்டுத் தந்துவிடுவார்.