விசுவாசத்துக்குச் சின்னம் எதற்கு?

பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கத்தில் ஊராட்சித் தலைவர் தேர்தலுக்குரிய வாக்குச் சீட்டில் கட்சிச் சின்னம் இராது. தமிழகத்துச் சிற்றூராட்சிகள் அனைத்துக்கும் சட்டம் வகுத்த முறை அது. வாக்காளர் அங்கே ஆளை எடைபோட்டு வாக்களிக்கிறார். சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டாலோ, அவர் கிறிஸ்தவர் என்று அறிந்த மாத்திரத்தில், ‘இவர் இன்ன கட்சி’ என்று அவரைக் கேளாமலே முடிவு கட்டிவிடுகிறார்கள். இது அவருடைய அறிவுக்கும் இழுக்கு. விசுவாசத்துக்கும் இழுக்கு என்போம் நாம்.

குத்தம்பாக்கத்தின் தலைவராக 1996இல் தேர்வு பெற்ற இளங்கோ, ஜே. சி. குமரப்பாவின் கிராமப் பொருளியலைப் போற்றிச் செயற்பட்டவர். அந்தக் குமரப்பா யார்? 1892இல் தஞ்சையில் பிறந்த கிறிஸ்தவர். காந்தியடிகளோடு நின்று சிறை சென்றவர். சட்டமறுப்பு இயக்கத்தைப் பேராயர் வெஸ்ட்காட் எதிர்த்தபோது, கிறிஸ்துவின் போதனையையே சான்றாக்கி அவருக்கு மறுப்புரைத்தவர். அதே தஞ்சைத் தரணி ஈன்ற மற்றொரு கிறிஸ்தவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். அவரோ நீதிக்கட்சியின் தூண். காங்கிரஸ் அமைச்சரவையின் கட்டாய இந்தியை எதிர்த்து முழங்கியவர். இவ்விருவரில் எவர் குறைந்த கிறிஸ்தவர்? விடை கூற யாருக்கேனும் துணிவுண்டா?

“சிறுபான்மையினர் ஒரே கட்சியின் பின் நிற்பதுதானே பாதுகாப்பு?” என்பர் சிலர். நன்று, அந்தப் பாதுகாப்பின் பயனைப் பார்ப்போம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கிற்று. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். அவர்களுக்கும் அத்தகுதி வேண்டுமென்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் பயனில்லை. வாக்கு எப்படியும் வந்து சேரும் என்று உறுதியாகிவிட்ட வீட்டுக்கு, வாக்குறுதியை நிறைவேற்ற எவர் விரைவார்?

கட்சியை நிறுத்துப் பார்க்கும் தராசு சமயநெறி. தராசே ஒரு தட்டில் ஏறி அமர்ந்துகொண்டால் நிறுப்பது யார்? கட்சியில் சேர்வது கிறிஸ்தவரின் உரிமை. கட்சியைக் கண்டிப்பது அவரது கடமை. முன்னதற்காகப் பின்னதை விற்றலாகாது.

அண்டை வீட்டுக்கு மட்டும் உரைக்கும் அறிவுரையன்று இது. அந்த ஆணையின் கதவுக்கு வெளியே நிற்போரில் முஸ்லிம்களும் உள்ளனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.